பழம்பண் பாடிய குடந்தைக் குரல்

சென்ற தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாம் வரதராஜன்பேட்டையில் இருந்தோம். சிலுவைப் பாதை முடிந்து மக்கள் கலைந்து கொண்டிருந்தனர். ஆலயத்தின் பக்கவாயிலருகே மூதாட்டியர் நால்வர் தரையில் அமர்ந்து, வியாகுல மாதாவின் புலம்பலைப் பாடிக் கொண்டிருந்தனர். கையில் புத்தகமில்லை. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்ற மூவரும் அதன் இறுதிச் சொல்லைப் பற்றிக்கொண்டு பின்தொடர்ந்தனர். கல்லும் கரையும் என்பார்களே, அத்தகைய பாட்டு அது.

பங்கின் பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர் ஒருவர் ஆர்வத்தோடு அருகே வந்தார். அந்த மெட்டைப் பெரிய வெள்ளியன்று குழுவினரும் பாட வேண்டும் என்பது அவரது ஆசை. "அப்பாயி, எந்தக் கட்டையிலே பாடறீங்க?" என்று வினவினார். "கட்டையெல்லாம் எனக்குத் தெரியாதுய்யா. எங்க அத்தை பாடினாங்க, நான் பாடறேன்" என்பதே விடை. இளைஞர் அரைமணி நேரம் முயன்றார். எந்தச் சுரத்தை அழுத்தினாலும் பாட்டியின் குரல் அதற்குச் சற்று மேலோ சற்றுக் கீழோ நின்றது. முடிவில், "இது சுருதியில் இல்லை" என்று அவர் முணுமுணுத்தது நம் செவியில் விழுந்தது.

சுருதியில் இல்லாதது பாட்டியின் குரலா, அன்றி அந்தக் கருவியா? இவ்வினாவோடு ஊர் திரும்பிய நமக்கு, நம் மறைமாவட்டத் தலைநகராகிய குடந்தையின் பெயரையே தம் பெயரின் முன் தாங்கி வாழ்ந்த ஒருவரின் நினைவு வந்தது. பண்ணாராய்ச்சி வித்தகர் குடந்தை ப. சுந்தரேசனார் என்பது அவர் பெயர். அவர் கிறிஸ்தவர் அல்லர். திருமுறைகளில் தோய்ந்த சைவர். எனினும் பழம்பாட்டைப் போற்றுவோர் எவரும் அறிய வேண்டிய வாழ்க்கை அவருடையது.

மேலை நாடுகளில் 'பண்டை இசை' என்றே ஒரு தனித்துறை உண்டு. நூற்றாண்டுகளாக எவரும் பாடாது ஏடுகளில் உறங்கிய பாடல்களை, அவை பிறந்த காலத்தில் எவ்வாறு பாடப்பட்டிருக்கக்கூடும் என்று ஆராய்ந்து, அவ்வண்ணமே பாட முயல்வது அத்துறையினரின் தொழில். இதற்கு வழிகாட்டியவர்களில் நம் திருச்சபையின் துறவியரும் உளர். பிரான்சு நாட்டின் சொலேம் என்னும் ஊரில் 1833-இல் மீண்டும் உயிர்பெற்ற ஆசீர்வாதப்பர் சபை மடத்தார், பழைய கையெழுத்துப் படிகளைத் தேடி ஒப்புநோக்கி, திரிந்து போயிருந்த கிரகோரியார் இசையை மீட்டனர். புனித பத்தாம் பத்திநாதர் 1903-ஆம் ஆண்டு புனித செசிலியம்மாள் திருநாளன்று, திருச்சபை இசையைச் சீர்படுத்தி விடுத்த சாசனத்திற்கு அவர்தம் உழைப்பு பெருந்துணையாயிற்று.

இங்கிலாந்தில் ஆல்பிரட் டெல்லர் என்பவர் தோன்றினார். 1912-இல் பிறந்த இவர் இளமையில் மரச்சாமான் கடையில் வேலை பார்த்தவர். இசைக் கல்லூரி எதிலும் முறையாகப் பயின்றவரல்லர். கான்டர்பரிப் பேராலயப் பாடற்குழுவில் பாடிக் கொண்டிருந்த அவரது குரலை 1940களில் ஓர் இசையமைப்பாளர் கேட்டு வியந்தார். அதன் பின்னரே பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளின் ஆங்கிலப் பாடல்கள் அவர் வாயிலாக மறுபிறவி எடுத்தன. 1979-இல் அவர் மறைந்தார்.

டெல்லருக்கு இரண்டாண்டு இளையவர் நம் சுந்தரேசனார். 1914 மே 28 அன்று சீர்காழியில் பிறந்தார். வறிய குடும்பம், பள்ளிப் படிப்பு தொடக்க நிலையைத் தாண்டவில்லை. பிழைப்பை நாடிக் குடந்தை வந்து நகைக்கடை ஒன்றில் பணிபுரிந்தார். அங்கு மரச்சாமான் கடை, இங்கு நகைக்கடை! பாட்டின் மேல் கொண்ட காதல் அவரை விடவில்லை. கேட்ட பாடலைக் கேட்டவாறே பாடும் ஆற்றல் இருந்தது. அது போதாதென்று உணர்ந்து, ஆசிரியர்களை அடுத்து முறையாக இசை பயின்றார். தமிழ் இலக்கண இலக்கியங்களைத் தாமே முயன்று கற்றார். பட்டம் பெற்ற புலவர்க்கு இசை தெரியாது, மேடையேறும் பாடகர்க்குப் பழந்தமிழ் தெரியாது என்றிருந்த காலத்தில், இரண்டையும் ஒருங்கே கையிற்கொண்ட சிலருள் ஒருவரானார்.

அவர் எடுத்துக்கொண்ட பணியின் அருமையை வாசகர்கள் உணர வேண்டுமாயின், சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும். டாக்டர் உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த காலத்தில், 1892-இல், சிலப்பதிகாரத்தை உரையோடு பதிப்பித்தார். 1918-இல் பரிபாடலும் அவரால் அச்சேறியது. தமிழர் இசையின் பழைமை அவ்விரு நூல்களிலும் பொதிந்து கிடந்தது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆடலாசானும் இசையாசிரியனும் யாழாசிரியனும் குழலோனும் அறிந்திருக்க வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகின்றது. ஆய்ச்சியர் குரவையில் இடைக்குலப் பெண்கள் எழுவர்க்கு குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டி வட்டமாக நிறுத்துகிறாள் மாதரி. பரிபாடலிலோ பெரும்பாலான பாடல்களின் இறுதியில் பாடியவர் பெயரோடு, இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்னும் பண்கள் அவை. எழுபது பாடல்கள் இருந்ததாகக் கூறப்படும் அந்நூலில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே.

பெயர் கிடைத்தது, பாட்டு கிடைத்தது, மெட்டு எங்கே? சொலேம் துறவியர்க்குச் சொற்களின் மேல் புள்ளியும் கோடுமாகக் குறிக்கப்பட்ட இசைக்குறிகளேனும் இருந்தன. சிலப்பதிகாரத்திற்கு அதுவும் இல்லை. புலவர்கள் அப்பகுதிகளைப் படித்துப் பொருள் கூறிச் சென்றனர். பாடிக் காட்ட எவருமில்லை.

நம் பாடற்குழுவினர்க்கு இதில் ஒரு பழகிய துன்பம் தென்படும். நம் பழைய ஞானக் கீர்த்தனைப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். பாட்டின் தலையில் 'இன்ன பாட்டின் மெட்டு' என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். அந்த இன்ன பாட்டு இன்று எவர் நினைவிலும் இல்லை. அதனோடு இந்தப் பாட்டும் ஊமையாயிற்று. பரிபாடலுக்கு நேர்ந்த கதி, நம் பாட்டனார் காலத்துப் பாடலுக்கும் நேர்ந்துவிட்டது.

சுந்தரேசனார் என்ன செய்தார்? சுரங்களுக்கிடையே உள்ள உறவைப் பற்றி நூலும் உரையும் கூறுவனவற்றை முதலில் திரட்டினார். கோயில்களில் ஓதுவார்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் தேவாரப் பண்களோடு அவற்றை ஒப்பிட்டார். செய்யுளின் நடையும் தாளமும் எந்தப் போக்கை விரும்புகின்றன என்று தாமே பாடிப் பாடிச் சோதித்தார். அடியார்க்கு நல்லார் தம் உரையில் எடுத்தாண்ட பஞ்சமரபு என்னும் பழைய இசைநூல் நெடுங்காலம் மறைந்து கிடந்து 1970களில் அச்சேறியபோது, அதற்கு விளக்கம் எழுதும் அருஞ்செயலிலும் அவர் உழைப்பு கலந்தது. 'முதல் ஐந்திசைப் பண்கள்', 'முதல் ஆறிசைப் பண்கள்', 'முதல் ஏழிசைப் பண்கள்', 'இசைத்தமிழ்ப் பயிற்சி நூல்' என அவர் எழுதிய நூல்களின் பெயர்களே, அவர் படிப்படியாக ஏறிய ஏணியைக் காட்டுகின்றன.

அந்த ஏணியின் முதற்படியை நம் வீட்டுப் பிள்ளைகளே ஏறிப் பார்க்கலாம். ஆலயத்து ஆர்மோனியத்தைத் திறந்து, கறுப்புக் கட்டைகளை மட்டும் நோக்குங்கள். மூன்று ஒரு கூட்டம், இரண்டு ஒரு கூட்டமாக அவை அமைந்திருக்கும். மூன்று கட்டைக் கூட்டத்தின் முதற்கட்டையை ஆதாரமாகக் கொண்டு, கறுப்புக் கட்டைகள் ஐந்தையும் வரிசையாக வாசியுங்கள்: மோகனம் ஒலிக்கும். இரண்டாவது கட்டையை ஆதாரமாக்கினால் அதே ஐந்து கட்டைகள் மத்தியமாவதியாகும். மூன்றாவதில் தொடங்கினால் இந்தோளம். இரண்டு கட்டைக் கூட்டத்தின் முதற்கட்டையில் சுத்த சாவேரி. அடுத்ததில் சுத்த தன்யாசி. கட்டைகள் மாறவில்லை, நிற்கும் இடம் மாறியது. அவ்வளவே! பண் மாறிவிட்டது. இவ்வாறு ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறும் முறையைப் பண்ணுப்பெயர்த்தல் என்றனர் பழந்தமிழர்.

வெள்ளைக் கட்டைகளிலும் இதே விந்தை உண்டு. செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என்னும் ஏழு பாலைகளும் இவ்வாறே பிறந்தவை. செம்பாலையை அரிகாம்போதி என்றும், கோடிப்பாலையைக் கரகரப்பிரியா என்றும், விளரிப்பாலையைத் தோடி என்றும் இன்று இசைவாணர் பலர் கொள்வர். இந்த இராகமே அந்தப் பண் என்று இணைத்துக் கூறுவதில் அறிஞர்கள் எல்லோரும் ஒருமனப்பட்டவரல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிடுதல் நேர்மை. மேலைநாட்டுப் பண்டை இசையாளரிடத்தும் இதே வழக்கு ஓயாமல் நடக்கிறது. இறந்தவர் குரலை இன்று எவர் கேட்டார்?

இங்கே ஒரு சிறு செய்தி. பெரிய வியாழன் இரவில் நற்கருணைப் பவனியின்போது நம் முன்னோர் இலத்தீனில் பாடிய 'பாஞ்சே லிங்குவா' என்னும் கீதம், கிரகோரியார் இசையின் எட்டு முறைகளுள் மூன்றாவதைச் சார்ந்தது. அது வந்து அமரும் சுரம் மி. வெள்ளைக் கட்டைகளில் மி-யை ஆதாரமாக்கி வாசித்தால் கிடைப்பன தோடியின் சுரங்கள். அதாவது விளரிப்பாலைக்கு உரியவை என்று சொல்லப்படும் சுரங்கள். இராகத்தின் உயிர் சுரவரிசையில் மட்டும் இல்லை என்பதால், இரண்டும் ஒன்றென்று நாம் வாதிட வரவில்லை. விளரியை இரங்கற்பண் என்று பழைய நூல்கள் கூறும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். உரோமையின் துறவியும் பூம்புகாரின் பாணனும் ஒரே ஏணியில் ஏறி, ஒரே படியில் நின்று நெஞ்சுருகினர் என எண்ணுகையில் நமக்கு மெய் சிலிர்க்கிறது.

சுந்தரேசனார் அறையில் அமர்ந்து ஆராய்ந்ததோடு நின்றிருப்பாரேல் அவரைப் பற்றி இத்துணை எழுதியிருக்க மாட்டோம். அவர் பாடகர். சிலப்பதிகாரத்தையும் பரிபாடலையும் தேவாரத்தையும் தம் குரலில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். தமிழ்ச் சங்கம், கோயில், பள்ளி என அழைத்த இடத்திலெல்லாம் பாடினார். பாடிய பின் அதன் நுட்பத்தை விளக்கினார். விளக்கிய பின் மீண்டும் பாடினார். இசைக் கச்சேரி என்பதா, சொற்பொழிவு என்பதா? இரண்டும் கலந்த ஒன்று. சென்னைச் சபாக்களில் கிடைக்கும் புகழையும் பொருளையும் இத்தொழில் தருவதில்லை. 1981 சூன் 9 அன்று அவர் மறைந்தபோது, அவர் விட்டுச் சென்ற செல்வம் சில நூல்களும், அன்பர்கள் போற்றி வைத்திருந்த ஒலிநாடாக்களுமே.

அந்தச் செல்வம் அழியாமல் காத்தவர்களுள் ஒருவர் நம் அரியலூர் மண்ணைச் சேர்ந்தவர் என்பதில் நமக்குத் தனிமகிழ்ச்சி. கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த இடைக்கட்டு என்னும் சிற்றூரில் பிறந்த பேராசிரியர் மு. இளங்கோவன், சுந்தரேசனாரின் வாழ்வை ஆவணப் படமாக்கினார். மாணவர்களையும் அன்பர்களையும் தேடிச் சென்று செய்திகளைத் திரட்டினார். பழைய ஒலிநாடாக்களில் அடைபட்டிருந்த அக்குரல் இன்றைய தலைமுறையின் செவிக்கும் எட்டலாயிற்று.

தமிழரின் பண்டை இசையைத் தேடிய வரலாற்றில் கிறிஸ்தவர்க்குப் பங்கில்லை என்று எவரும் எண்ணற்க. தஞ்சையில் மருத்துவராய் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், நம் பிரிவினைச் சகோதரர்களுள் ஒருவர், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு 1912 முதல் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917-இல் அவர் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' இத்துறையில் இறங்குவோர் எவரும் கடக்க வேண்டிய கடல். 'யாழ் நூல்' இயற்றிய ஈழத்து விபுலானந்த அடிகளார் இராமகிருஷ்ண மடத்துத் துறவி. அவர் மாணவராய் இருந்ததும் பின்னர் ஆசிரியப் பணி செய்ததும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில். 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் கண்மூடினார்.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் வீரமாமுனிவர். வரதராஜன்பேட்டைக்கும் ஏலாக்குறிச்சிக்கும் இடையே அதிகத் தொலைவில்லை. அங்கே, திருக்காவலூர் என்று தாம் பெயரிட்டழைத்த அடைக்கல அன்னையின் திருவடியில், அவர் தேம்பாவணி பாடினார், கலம்பகம் பாடினார், கித்தேரியம்மாள் அம்மானை இயற்றினார். அம்மானை என்பது கண்ணால் படிப்பதற்கன்று, வாய்விட்டுப் பாடுவதற்கு. இத்தாலியிலிருந்து வந்த துறவி, நம் பெண்கள் அறிந்த பாட்டு வடிவத்தைத் தேர்ந்து மறைசாட்சியின் கதையை அதில் வார்த்தார். அவ்வம்மானை நூலாகக் கிடைக்கிறது. அதனைப் பாடிக் காட்ட வல்லவர் நம் மறைமாவட்டத்தில் எத்தனை பேர் உளர்? அறிந்தவர் நமக்கு எழுதுவாராக.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, திருச்சபையின் இசைக் கருவூலத்தைக் கருத்தாய்ப் பேணுமாறு பணித்தது. கிரகோரியார் இசைக்குத் திருவழிபாட்டில் முதலிடம் உரியதென்றது. மறைபரப்பு நாட்டு மக்கள் தமக்கே உரிய இசை மரபு உடையோராயின் அதற்குத் தக்க மதிப்பளிக்க வேண்டும் என்றும் அதே ஏடு கூறுகின்றது. நாம் செய்தது யாது? இலத்தீன் பாடலைக் கைவிட்டோம். சரி, மொழி விளங்கவில்லை என்றோம். புலம்பலையும் அம்மானையையும் ஏன் கைவிட்டோம்? அவை விளங்காத மொழியில் இல்லையே! திரைப்பட மெட்டின் சாயலில் ஆண்டுதோறும் புதுப்பாடல்கள் வந்து குவிகின்றன. நல்லனவும் அவற்றுள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் பாட்டியின் பாட்டுக்கு இடமில்லாத அளவுக்குப் பாடற்குழுவின் ஏடு நிரம்பிவிட்டது என்பதே நம் குறை.

கீபோர்டு பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குத் தெரிந்தது பன்னிரண்டு இடங்கள் மட்டும். அவ்வோசைகளைச் சமதூரத்தில் பங்கிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். மனிதக் குரலோ இரண்டு கட்டைகளுக்கிடையே வழுக்கி இறங்கும். அழுகையின் இடத்தில் வேண்டுமென்றே ஒரு நூலிழை தாழ்ந்து நிற்கும். ஓதுவார் பாடுவதும், சுந்தரேசனார் பாடியதும், வரதராஜன்பேட்டை மூதாட்டி பாடுவதும் அந்த இடைவெளியில்தான்.

இதனையெல்லாம் அந்த இளைஞருக்கு நாம் கடிதமாக எழுதினோம். கறுப்புக் கட்டைச் சோதனையையும் எழுதியிருந்தோம். பெரிய வாரத்திற்கு முன் மீண்டும் அவ்வூருக்குச் சென்றபோது, அவரே பாட்டியின் வீட்டுக்கு நம்மை அழைத்துச் சென்றார். திண்ணையில் முந்திரிக்கொட்டை காய்ந்து கொண்டிருந்தது. இம்முறை அவர் கீபோர்டை எடுத்து வரவில்லை. கைப்பேசியில் சுருதிப்பெட்டியின் ஓசையை மட்டும் மெல்ல ஒலிக்கவிட்டார். பாட்டி பாடத் தொடங்கி, இரண்டாம் அடியில் நிறுத்தி, "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் இறக்கு, என் குரல் அங்க எட்டாது" என்றார். இறக்கினார். பாட்டி மீண்டும் தொடங்கினார். குரல் சுருதியில் போய் அமர்ந்தது. மற்றொரு கைப்பேசியில் அது பதிவாகிக் கொண்டிருந்தது.

அன்று நான்கு பாட்டுகள் பதிவாயின. ஒவ்வொன்றையும் யாரிடம் கற்றார், எந்த நாளில் பாடுவது, எந்த அடியில் மற்றவர் சேர்ந்துகொள்வது என்பதையெல்லாம் இளைஞர் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு பாட்டுகளின் நடுவே சில அடிகள் பாட்டிக்கு மறந்து போயிருந்தன. மற்ற மூவரில் ஒருவருக்கு அவை தெரிந்திருக்கும் என்றார். நாம் விடைபெற எழுந்தபோது பாட்டி இளைஞரை நோக்கி, "நாளைக்கும் வாய்யா. கல்லறைக்குக் கொண்டு போறப்ப பாடறது இன்னும் இருக்கு" என்றார்.